முதுமையைப் பாடமாகவும் ஆய்வாகவும் எடுக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரி ஆசிரியர்கள் முதுமை பற்றிக் கற்பிக்கவோ ஆராயவோ இறங்கும்போது திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். உளவியல், சமூகப்பணி ஆசிரியர்கள் மட்டுமல்ல, வணிகவியல், தமிழ், கணினித் துறை ஆசிரியர்களும் இவற்றைக் கேட்கிறார்கள்.

எங்கள் கல்லூரியில் முதுமையியல் படித்தவர் ஒருவரும் இல்லை. நாங்கள் எப்படி நடத்துவது?

பெரும்பாலான கல்லூரிகளின் நிலை இதுதான். ஆனால் முதுமை ஒரே துறைக்குள் அடங்குகிற பொருளும் அல்ல. ஓய்வூதியம் வணிகவியல்காரருக்குத் தெரியும், புரதக் குறைபாடு ஊட்டச்சத்துத் துறைக்குத் தெரியும், மறதி உளவியல்காரருக்குத் தெரியும். உங்கள் பாடத்துக்குள் அறுபது வயதைக் கடந்தவர் எங்கே காணாமல் போயிருக்கிறார் என்று தேடுவதுதான் முதல் வேலை. வளர்ச்சி உளவியல் தாளை எடுத்துப் பாருங்கள். கரு, குழந்தைப் பருவம், வளரிளம் பருவம் என்று அலகு அலகாகப் போகும். நாற்பது வயதிலிருந்து சாவு வரை கடைசி அலகில் அடைத்திருப்பார்கள். அதுவும் பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவசர அவசரமாக முடியும்.

ஆகவே புதுத் துறை, புதுப் பட்டயம் என்று தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. தனிச் சான்றிதழ்ப் படிப்புக்கு ஏற்கெனவே அக்கறை உள்ள சில மாணவர்கள்தான் வருவார்கள். எல்லாரும் படிக்கிற தாளுக்குள் அது வந்தால் வகுப்பு முழுவதற்கும் போய்ச் சேரும்.

இப்போது என்ன அவசரம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. மத்திய அரசின் தொழில்நுட்பக் குழுவின் கணிப்புப்படி 2036இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அந்த வயதைக் கடந்திருப்பார். இங்கே பிறப்பு குறைந்துவிட்டதுதான் முக்கியக் காரணம். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் மொத்தக் கருவுறுதல் வீதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1.4.

இன்று முதலாமாண்டில் உட்கார்ந்திருக்கும் பெண் 2036இல் முப்பதை நெருங்கியிருப்பாள். வங்கியிலோ பள்ளியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலையில் இருப்பாள். அவள் முன்னால் வந்து நிற்பவர்களில் கணிசமானோர் முதியவர்களாக இருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை: அடுத்த கணக்கெடுப்பு 2027இல்தான். 2011க்குப் பிறகு ‘மக்கள்தொகையில் இத்தனை விழுக்காடு முதியோர்’ என்று வரும் எண்களில் பெரும்பாலானவை கணிப்புகள். மாணவர் கட்டுரையில் அதைக் குறிப்பிடாவிட்டால் மதிப்பெண் குறையுங்கள்.

இது மருத்துவர்கள் வேலை இல்லையா?

மருத்துவத்தில் சென்னை முன்னோடி. முதியோர் மருத்துவத்துக்கு நாட்டின் முதல் பேராசிரியர் என்று அறியப்படும் வி. எஸ். நடராஜன் சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்தவர். அங்கேதான் 1996இல் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பும் தொடங்கியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. டாக்டர்களுக்கு ஒரு பாதை போட்டாகிவிட்டது.

ஆனால் முதியவரின் நாள் மருத்துவமனையில் கழிவதில்லை. ஓய்வூதியத்துக்கு வங்கி வரிசை, மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட வீடு, ஏற முடியாத பேருந்துப் படிக்கட்டு, ஓடிபி கேட்கும் கைப்பேசி. இதையெல்லாம் மருத்துவக் கல்லூரியில் ஆராய மாட்டார்கள்.

சரி, எந்தத் துறையில் எதை நுழைக்கலாம்?

வணிகவியல், பொருளியலில் தொடங்குவது எளிது. 60 முதல் 79 வயது வரையிலானவருக்கு இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். எண்பதைத் தொட்டால் 500. தமிழ்நாடு தன் பணத்தையும் சேர்த்துத் தருகிறது. 2023இல் மாநில ஓய்வூதியம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. தொழிலாளர் வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாய். இந்த எண்களைக் கொடுத்து, தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் ஒரு மாத வரவு செலவை எழுதச் சொல்லுங்கள். அரிசி ரேஷனில் கிடைத்துவிடும். வாடகையும் மாத்திரையும் எங்கிருந்து வரும் என்று மாணவர்களே கேட்பார்கள். ஓய்வூதியம் பற்றி ஆசிரியர் அறையிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை: 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் போட்டதிலிருந்து அங்கே வேறு பேச்சு இல்லை.

அரசியல் அறிவியலுக்கும் சட்டத்துக்கும் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் போதும். ஒரு பருவம் முழுக்கப் பேசலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை என்பதெல்லாம் மேலோட்டமான விவரம். சூடு 23ஆம் பிரிவில் இருக்கிறது. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, அப்புறம் அவர்கள் கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி உண்டு. அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருக்க வேண்டுமா, அன்பினால் கொடுத்தாலே நிபந்தனை அடங்கிவிட்டதா? நீதிமன்றங்கள் இதில் ஒரே மாதிரி சொல்லவில்லை. எந்தத் தாய் மகனுக்கு எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்தில் ‘சோறு போட வேண்டும்’ என்று எழுதச் சொல்வாள்? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிட விடுங்கள்.

தமிழ்த்துறையினர் தங்களுக்கு இதில் இடமில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். புறநானூற்றின் 243ஆம் பாட்டு, தண்டூன்றி இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் முதியவர், மடுவில் குதித்து விளையாடிய இளமையை நினைப்பது. 191இல் பிசிராந்தையார், தமக்கு ஏன் நரைக்கவில்லை என்பதற்கு வீட்டையும் அரசையும் ஊரையும் காரணம் சொல்கிறார். மூப்பைச் சூழலோடு சேர்த்துப் பார்ப்பது இன்றைய முதுமையியலின் அடிப்படை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து நடத்தினால் வேறு முன்னுரை வேண்டாம்.

கணினித் துறைக்கு ஒரே ஒரு பயிற்சி: மாணவர் செய்த செயலியை எழுபது வயதுக்காரர் ஒருவர் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நாங்கள் பல்கலைக்கழக இணைவுக் கல்லூரி. பாடத்திட்டத்தை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லையே?

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் வைத்து அலகை மாற்றிவிடலாம். மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டுகள், ஒப்படைவுகள், கருத்தரங்கத் தலைப்புகள், இளங்கலை இறுதியாண்டுத் திட்டப்பணி ஆகிய நான்கும் கையில் இருக்கின்றன. புள்ளியியல் வகுப்பில் சராசரி கண்டுபிடிக்கக் கிரிக்கெட் ரன்களைக் கொடுக்கும் இடத்தில் மாவட்டவாரி முதியோர் விழுக்காட்டைக் கொடுக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மாணவர்களை ஆண்டுதோறும் முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகிறோம். அது போதாதா?

போதாது. சில நேரம் கெடுதலும்கூட.

இந்தியாவின் நீண்டகால முதுமை ஆய்வான லாசியின் முதல் சுற்றில், 60 வயதைக் கடந்தவர்களில் தனியாக வாழ்வோர் ஏறக்குறைய 6 விழுக்காடுதான். பெரும்பாலோர் கணவனோடோ மனைவியோடோ பிள்ளைகளோடோ வீட்டில் இருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் மிகச் சிறிய கூட்டம். ஒரு பிற்பகல் அங்கே போய்ப் பழமும் பிஸ்கட்டும் கொடுத்து, இரண்டு பாட்டுப் பாடி, குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் மாணவர் மனத்தில் ‘முதுமை என்றால் கைவிடப்படுவது’ என்று பதிந்துவிடுகிறது. மறுநாள் எழுதும் அறிக்கையில் கூட்டுக்குடும்பம் சிதைந்தது, மேலைநாட்டு மோகம், நன்றிகெட்ட பிள்ளைகள் என்று மூன்று பத்தி. ஒரு தரவு இருக்காது. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தா காலையிலிருந்து என்ன செய்கிறாள், யார் பணத்தில் மாத்திரை வாங்குகிறாள், பேரனை யார் பார்த்துக்கொள்கிறார் என்பது அவர் கண்ணில் படுவதே இல்லை. பல வீடுகளில் பராமரிப்பைப் பெறுவதைவிடக் கொடுப்பதில்தான் பாட்டியின் நாள் போகிறது.

இல்லத்தில் இருப்பவர்கள் பக்கத்திலிருந்தும் யோசியுங்கள். பத்துக் கல்லூரிகள் மாறி மாறி வந்து “பிள்ளைகள் பார்க்க வருவாங்களா பாட்டி?” என்று கேட்டுவிட்டுப் போனால் யாருக்கு நல்லது?

இல்லத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால் ஒரே குழு ஒரு பருவம் முழுக்க வாரந்தோறும் போகட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவருக்கு இரண்டாண்டில் 240 மணி நேரம் இருக்கிறது. அதற்குள் இது அடங்கும்.

அப்படியானால் களப்பணி என்று எதைக் கொடுப்பது?

வாழ்க்கை வரலாற்று நேர்காணல். மாணவர் தன் தெருவில், உறவினர் அல்லாத ஒருவரிடம் மூன்று தவணையாகப் பேச வேண்டும். தலைப்பு முதுமையாக இருக்கக் கூடாது. அவர் செய்த வேலையாக இருக்கட்டும். நெசவு, பனையேற்றம், ஆசிரியப் பணி, சந்தை வியாபாரம், எதுவானாலும் சரி. வேலையைப் பற்றிப் பேசும்போது உடம்பும் பணமும் குடும்பமும் தானாக வந்துவிடும்.

போகுமுன் இரண்டு விஷயங்களைப் பழக்குங்கள்.

முதலாவது, அழைக்கும் முறை. அறுபத்திரண்டு வயதுப் பெண்ணை எடுத்த எடுப்பில் ‘பாட்டி’ என்றால் பலருக்குப் பிடிக்காது. ‘அம்மா’, ‘ஐயா’ எங்கும் செல்லும். திருநெல்வேலிப் பக்கம் ‘ஆச்சி’, வேறோர் ஊரில் ‘பெரியம்மா’. அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, வயது. இது ஆய்வாளருக்கும் பெரிய தலைவலி. கிராமத்துப் பெரியவர்கள் 60, 65, 70 என்று ஐந்தின் மடங்கில் சொல்வார்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று பிறந்த நாள் இருந்தால், ஆண்டு மட்டும் மதிப்பீடாகப் பதிவானதா என்று சந்தேகப்படலாம். ஓய்வூதியத்துக்காக வயதைக் கூட்டிச் சொன்னவர்களும் உண்டு. அதனால் நிகழ்ச்சி நாட்காட்டி ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். காமராஜர் முதலமைச்சரானது 1954. தனுஷ்கோடியைப் புயல் அடித்தது 1964 டிசம்பர். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். முதலமைச்சரானது 1977. “அண்ணா செத்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று கேட்டால் “அப்ப மூத்தவன் வயித்துல” என்று பதில் வரும். அதிலிருந்து கணக்குப் போடலாம். உள்ளூர் நிகழ்ச்சிகளையும் சேருங்கள்: ஊருக்கு மின்சாரம் வந்தது, முதல் பேருந்து வந்தது.

நான் எதைப் படித்துத் தயாராவது? வாரம் 16 மணி நேரம் வகுப்பு இருக்கிறது.

புத்தாக்கப் பயிற்சிகளில் முதுமைக்கென்று ஒன்று வரும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். வந்தால் போங்கள். அதுவரை ஒரே ஒரு கருத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்தாயிற்று: வயதால் வரும் வேறுபாடு வேறு, தலைமுறையால் வரும் வேறுபாடு வேறு.

ஒரு நினைவாற்றல் சோதனையில் 62 வயதுப் பெண்கள் நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள், 82 வயதுப் பெண்கள் குறைவாகப் பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இருபதாண்டில் நினைவாற்றல் இவ்வளவு குறைகிறது’ என்று எழுதிவிடுவோம். ஆனால் 82 வயதுக்காரர் 1940களில் பிறந்தவர். காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிப் பள்ளிகளைப் பெருக்கியபோது அவர் பள்ளி வயதைத் தாண்டும் நிலையில் இருந்தார். பலர் பள்ளி வாசலையே மிதித்ததில்லை. 62 வயதுக்காரர் அந்தப் பள்ளிகளில் உட்கார்ந்தவர். சோதனை அளந்தது மூளையின் மூப்பையா, பள்ளிக்கூடத்தையா? ஒரே நேரத்தில் எடுத்த தரவை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அதே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடரும் ஆய்வுகள் தேவைப்படுகின்றன. முதுமை பற்றி வெளிவரும் ஆய்வேடுகளில் பல இந்த ஒரு இடத்தில்தான் சறுக்குகின்றன.

பணமில்லாமல் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

முடியும். முதலில் இருக்கிற தரவைப் பயன்படுத்துங்கள். மாவட்டத்துக்கு 200 பேர் என்று கேள்வித்தாள் விநியோகிப்பதை விட்டாலே பாதி ஆய்வுகளின் தரம் உயரும்.

லாசி முதல் சுற்று 2017-18இல் நடந்தது. மக்கள்தொகை ஆய்வுக்கான மும்பை ஐ.ஐ.பி.எஸ். நிறுவனம், ஹார்வர்டு, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து செய்தன. எழுபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த தரவு. 25 ஆண்டுகள் தொடர்வதாகத் திட்டம். உடல்நலம், வருமானம், குடும்பம், நினைவாற்றல், பிடிவலிமை எல்லாம் உண்டு. ஐ.ஐ.பி.எஸ். நிறுவனத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம். பகுப்பாய்வுக்கு இலவச மென்பொருளான ஆர் போதும்.

தொடங்குபவர்கள் விழும் குழிகளைச் சொல்லிவிடுகிறேன். லாசி 45 வயதுக்கு மேற்பட்டவர்களையும் அவர்களுடைய வாழ்க்கைத்துணையையும் பேட்டி கண்டது; துணையின் வயது எதுவாகவும் இருக்கலாம். வடிகட்டாமல் ஓட்டினால் முப்பத்தெட்டு வயதுக்காரரும் கணக்கில் சேர்ந்துவிடுவார். அடுத்தது, மாதிரி எடை, அதாவது பேட்டி கண்டவர்களின் பதில்கள் மொத்த மக்கள்தொகையைக் காட்டும்படி ஒவ்வொருவருக்கும் தரும் மதிப்பு. நாட்டுக்கான எடையும் மாநிலத்துக்கான எடையும் வேறு. தமிழ்நாட்டை மட்டும் பார்க்கும்போது எதைப் போடுவது என்று ஆவணத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள். அப்புறம், இது வீடுகளில் எடுத்த கணக்கெடுப்பு. முதியோர் இல்லத்தில் இருப்போர் இதில் இல்லை.

2011இல் ஏழு மாநிலங்களில் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவோடு நடந்த முதுமைக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் ஒன்று. 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆம் சுற்றிலும் முதியோர் பற்றிய பகுதி உண்டு. முனைவர் பட்டத்துக்குப் போதிய விஷயம் இவற்றிலேயே இருக்கிறது.

நினைவாற்றல், மனச்சோர்வு அளவுகோல்களைத் தமிழில் பெயர்த்துப் பயன்படுத்தலாமா?

பெயர்த்தால் மட்டும் போதாது. நினைவாற்றலையும் அறிவுத்திறனையும் அளக்க உலகம் முழுக்கப் புழங்கும் எம்.எம்.எஸ்.இ. சோதனைக்குப் பதிப்புரிமை இருக்கிறது, அது முதல் விஷயம். அதில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளிக்குப் போகாத பெண்மணிக்கு மறதிநோய் இருப்பதாக அது காட்டிவிடும். இதற்காகத்தான் அரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுத்தறியாதவர்களுக்கென்று இந்திச் சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதிக் காட்டுவதற்குப் பதில், நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிக் கண்ணை மூடிக் காட்டுவார்கள். லாசியும் அதைத் தழுவியே கேட்டது. 10/66 என்ற பன்னாட்டு மறதிநோய் ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் களம் வைத்திருந்தது. படிப்புக் குறைவு சோதனையைக் கெடுக்காமல் பார்ப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. ஆகவே, புதிதாகப் பெயர்க்கும் முன் தமிழில் ஏற்கெனவே சரிபார்த்த வடிவம் உண்டா என்று தேடுங்கள்.

என் பரிந்துரை ஒன்று: இன்று என்ன தேதி என்று கேட்கும் இடத்தில் தமிழ் மாதத்தையும் கிழமையையும் ஏற்கலாமா என்று முன்னோட்டத்தில் பாருங்கள். ஆங்கிலத் தேதி தெரியாத பலருக்கு அமாவாசை என்றைக்கு என்று துல்லியமாகத் தெரியும்.

நெறிமுறைக் குழு ஒப்புதல் அவசியமா? எங்களிடம் குழுவே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளில், கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் பிரிவினரில் முதியோரும் வருகிறார்கள். உங்களிடம் குழு இல்லாவிட்டால் பக்கத்து நிறுவனத்தின் குழுவோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். மறதிநோய் முற்றியவர் என்றால் சட்டப்படி அவர் சார்பில் சம்மதம் தரக்கூடியவர் வேண்டும்.

தாளில் வராத சிக்கல் வேறு. பேட்டி நடக்கும்போது மருமகள் காப்பி கொண்டுவந்து அங்கேயே உட்கார்ந்துவிடுவார். காது மந்தமான மாமியாருக்குப் பதில் அவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். தனிமை உறுதியாகாத வீட்டில், வீட்டார் திட்டுகிறார்களா, அடிக்கிறார்களா என்ற கேள்விகளைக் கேட்கவே கூடாது. நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் அந்த முதியவர்தான் இருக்க வேண்டும்.

பேட்டியில் ஒருவர் தன்னை அடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால்?

மாணவர் அங்கே நீதி வழங்கக் கூடாது, வாக்குறுதியும் கொடுக்கக் கூடாது. கேட்டுக்கொண்டு, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567, மாவட்டச் சமூக நல அலுவலகம், கோட்டாட்சியர் அலுவலகம் ஆகிய மூன்றையும் மாணவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எழுதிய சீட்டை வீட்டில் விட்டு வரலாமா என்பதை அந்த அம்மாதான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அதை வேறு யாராவது பார்த்துவிடலாம். அன்றே வழிகாட்டி ஆசிரியருக்குத் தகவல் வர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் தாமதிக்கக் கூடாது. அந்த நிலையில் என்ன செய்வோம் என்பதைச் சம்மதம் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

வகுப்பில் தலைக்கூத்தல் பற்றிப் பேசலாமா?

விருதுநகர்ப் பக்கம் நடந்ததாகச் செய்திகளில் வந்த விஷயம் என்பதால் மாணவர்களே கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். முதியவரைக் கொல்வது அது, குற்றம். ஆனால் அதையே பாடத்தின் மையமாக்கினால் வகுப்பு அதிர்ச்சியில் நின்றுவிடும். நீண்ட நாள் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க வீட்டில் யார் இருக்கிறார்கள், அதற்காக யார் கூலியை இழக்கிறார்கள், வீட்டுக்கே வரும் மருத்துவ உதவி எது என்று பேச்சை நகர்த்துங்கள். வகுப்பில் யாரோ ஒருவர் வீட்டில் அந்த நிலையில் ஒரு தாத்தா இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு வேலை கிடைக்குமா?

‘முதுமையியல் பட்டதாரி தேவை’ என்று விளம்பரம் அதிகம் வராது. சமூகப்பணி, செவிலியம், இயன்முறை மருத்துவம் படித்தவருக்கு இது கூடுதல் தகுதி. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் முதியோர் குடியிருப்புகளும் பெருகுகின்றன. அங்கே சம்பளம் பல இடங்களில் குறைவு. இதை மறைத்துச் சேர்க்கை நடத்த வேண்டாம்.

முதியவர்களே மாணவர்களாக வகுப்புக்கு வரலாமா?

டப்ளின் நகரப் பல்கலைக்கழகம் 2012இல் முதியோருக்கு இணக்கமான பல்கலைக்கழகம் என்று பத்துக் கொள்கைகளை வகுத்தது. வேறு நாடுகளிலும் பல பல்கலைக்கழகங்கள் அவற்றை ஏற்றிருக்கின்றன. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. நூலகத்தை ஊர் முதியவர்களுக்கு வாரம் இரண்டு நாள் திறந்துவிடலாம். உள்ளூர் வரலாற்று வகுப்புக்கு ஓய்வுபெற்ற தறிக்காரரைப் பேச அழைக்கலாம். அழைத்தால் விருந்தினர் பேச்சாளருக்குரிய மதிப்பூதியத்தையும் கொடுங்கள், சால்வையோடு நிறுத்திவிடாதீர்கள். மேடைக்குப் படி இருந்தால் நாற்காலியைக் கீழேயே போடுங்கள், ஒலிவாங்கியை முன்கூட்டியே சரிபாருங்கள், கழிப்பறை எங்கே என்று வந்தவுடன் காட்டிவிடுங்கள்.